சம்பந்திகளுக்கு நடுவே ஒரு கட்டை

கரையானுக்கு மருந்து அடிக்கிறவர் வீட்டில் மரம் தின்கிற மீனை யாராவது வாங்கி வைப்பார்களா? அவர் மனைவி வாங்கி வைத்தாள். கேட்டுவிட்டு வாங்கலாம் என்றால் அவர் ஏதாவது சொல்வார். அதனால் வாங்கிவிட்டுச் சொன்னாள்.

ஊரில் பாதி வீட்டுக் கதவுகள் தன் தயவில்தான் நிற்கின்றன என்பது மருந்துக்காரரின் அசைக்க முடியாத எண்ணம். மரத்தால் ஆன எதுவும் அவரிடம் தீட்சை வாங்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. வாசலிலேயே பிரஷ்ஷை எடுத்து இரண்டு கோட்டு மருந்து அடித்து, காயவைத்து, அப்புறம்தான் உள்ளே. கட்டில், முக்காலி, துடைப்பத்தின் காம்பு என்று எதுவும் தப்பவில்லை. தையல் வேலை பார்க்கும் மனைவியின் மர அளவுகோலுக்குக்கூட அடித்தார். அவள் துணி அளக்கும்போதெல்லாம் தும்முவாள்.

போன வருஷம் மீன் தொட்டியைத் தாங்கும் மர ஸ்டாண்டுக்கும் அடித்தார், தொட்டியில் மீன் இருக்கும்போதே. மறுநாள் எல்லாம் மல்லாந்து மிதந்தன. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். தட்டை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், போய்விட்டாள். வெகு நாள் அப்படியே போயிற்று. மறுபடி மீன் வாங்கிய அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. "இதுவும் போச்சுன்னா இந்த வீட்டுல மீனும் வேணாம், தொட்டியும் வேணாம்" என்றாள். தொட்டி வேண்டாம் என்று அவள் சொன்னது தன்னையும் சேர்த்துத்தான் என்று அவருக்குப் பட்டது. அவருக்கு அந்த மௌனத்தை இன்னொரு முறை தாங்கும் தெம்பு இல்லை.

புதிதாக வந்தவை இரண்டு சிக்லிட் மீன்கள். உள்ளங்கை அகலம், நெற்றியில் ஒரு வீக்கம், முகத்தில் ஒரு கடுகடுப்பு. தொட்டியின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க ஒன்றை ஒன்று முறைத்தன. சமயம் கிடைத்தால் வாலைக் கடித்தன. அவள் அவற்றுக்குச் சம்பந்திகள் என்று பெயர் வைத்தாள். ஒன்று பெண் வீட்டார், ஒன்று பிள்ளை வீட்டார்.

மீன் கடைக்காரர் வழி சொன்னார். நடுவில் ஒரு பெரிய வேர்க்கட்டையை வைத்துவிட்டால் முகம் தெரியாது, சண்டையும் வராது. கட்டை வைப்பதோடு அதை அரித்துத் தின்கிற கெளுத்தி ஒன்றையும் விடலாம், சாதுவான மீன், ஒரு வம்புக்கும் போகாது என்று தலையில் கட்டிவிட்டார். உண்மையிலேயே சாதுதான். கட்டை வரும்வரை இருக்கட்டும் என்று விட்ட வாளியின் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு கிடந்தது, போட்ட வெள்ளரித் துண்டை உட்கார்ந்த இடத்திலேயே தின்றது, அசையவில்லை. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் மரம் கிடைக்காவிட்டால் நாளடைவில் வற்றிப் போய்விடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார்.

"மரத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? நீங்களே ஒண்ணு பாத்து எடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் குளிர்ந்து போனார். வேலைக்குப் போன வழியில் ஆற்றங்கரையில் இறங்கித் தேடி, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்ட ஒரு வேர்க்கட்டையைத் தூக்கி வந்தார். மூன்று கிளை பிரிந்து, நடுவில் ஒரு பொந்தோடு, அவ்வளவு அழகு. வாசலில் இறக்கிவைத்தார். தட்டிப் பார்த்தார். கணீரென்றது. மகிழ்ச்சியோடு பிரஷ்ஷை எடுத்து இரண்டு கோட்டு அடித்தார்.

கை கழுவும்போதுதான் அந்தக் கட்டை எங்கே போகப் போகிறது என்பது அவருக்கு நினைவு வந்தது.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கப் போகும்போது அவள் வெளியே வந்து கட்டையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்லதாகத் தேடி எடுத்தீர்களே என்று சொல்லிவிட்டாள். வாய் மூடிக்கொண்டது. காய்ந்த கட்டை மிதக்கும், தானாக மூழ்கும்வரை ஊறப்போட வேண்டும் என்று அவளே அதைக் கொல்லைப்புறத்து அண்டாவில் போட்டாள். அது மூழ்குவதற்குள் அதேபோல் இன்னொன்றைத் தேடி மாற்றிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

அன்றிலிருந்து அவர் பிழைப்பே கட்டையை மிதக்க வைப்பதாயிற்று. அவள் மெஷினில் உட்கார்ந்ததும் கட்டையை எடுத்து வெயிலில் காயப் போடுவார். மெஷின் சத்தம் நின்றால் அள்ளி அண்டாவில் போடுவார். அண்டாத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடப் போகிறாளே என்று பயந்து அதையும் தானே மாற்றினார். ஒரு டம்ளரைக் கழுவி அறியாத மனிதர் தினமும் அண்டா கழுவுவதைப் பார்த்து, அவர் திருந்திவிட்டார் என்று அவள் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அது காதில் விழுந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆற்றங்கரையில் அதேபோல் கட்டை கிடைக்கவில்லை. மூன்று கிளை இருந்தால் பொந்து இல்லை, பொந்து இருந்தால் கிளை இல்லை. மாப்பிள்ளை வாளிக்குள் இளைத்துக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் புடவையைச் செருகிக்கொண்டு முக்காலிமேல் நின்றிருந்தாள். கையில் கட்டை. அதன் அடியில் ஒரு கனமான கல் பலகையைத் திருகி இறுக்கியிருந்தாள். அது மூழ்குகிற மாதிரி தெரியவில்லை, கல்லைக் கட்டி இறக்குங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

"போடாத" என்று கத்தினார் மருந்துக்காரர்.

அவள் திரும்பினாள். "ஏன்?"

"அதுல கரையான் இருக்கு." அவர் வாய்க்கு வந்த பொய் அதுதான். வேறு பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை.

"இத்தன நாள் தண்ணியில ஊறின கட்டையிலயா?"

"சில ஜாதி தாங்கும்."

அவள் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆக, உங்க வீட்டுக் கொல்லையில, உங்க கண்ணு முன்னாடியே கரையான் புடிச்சிருக்கு. இதுல ஊருக்கெல்லாம் மருந்து அடிக்கக் கெளம்பிட்டீங்க."

சும்மா இருந்திருக்கலாம். ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் எதை வேண்டுமானாலும் பொறுப்பார், தொழிலைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார்.

"என்ன பேச்சு பேசுற? ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன். பத்து வருஷத்துக்கு ஒரு பூச்சி அதுல வாய் வைக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. சம்பந்திகள் இரண்டும் முறைப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

அவள் இறங்கினாள். கட்டையைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினாள். அவர் தட்டையும் குழம்பையும் நினைத்துக்கொண்டு நின்றார்.

"பழக்கத்துல கை போயிடுச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "போன தடவ எல்லாம் செத்தப்புறமும் நீங்க வாயத் தொறக்கல. இந்தத் தடவ முன்னாடியே கத்திட்டீங்க" என்றாள். "வண்டிய எடுங்க. நானும் வர்றேன்."

ஆற்றங்கரையில் அவர் கை இரண்டையும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. அவளே தேடினாள், அவளே தூக்கினாள். ஸ்கூட்டரில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும் அவருடைய பிரஷ்ஷை எடுத்துத் தன் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினாள். புதுக் கட்டைக்கு இரண்டே கிளைதான், பொந்து கிடையாது. கல்லைக் கட்டி உள்ளே இறக்கியதும் சம்பந்திகளுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போயிற்று. வீடு அமைதியாயிற்று. பழைய கட்டை வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. அதில் இன்றுவரை எதுவும் வாய் வைக்கவில்லை.

தொட்டிக்கு வந்ததும் மாப்பிள்ளை தேறிவிட்டது. கட்டையோடு ஒட்டிக்கொண்டு கரகரவென்று ராவுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் மருந்துக்காரருக்கு விரல் துடிக்கும். முன்பெல்லாம் அதைக் கேட்டால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து போய் மருந்து அடிப்பார்.

போன வாரம் தன் வீட்டு வாசல் நிலைக்கு மருந்து அடிக்கச் சொல்லி ஒருவர் வந்தார். பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் காதைத் தீட்டினார். பிறகு தொட்டியின் அடியில் குவிந்திருந்த மரத்தூளைக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார்.

"என்னங்க இது, உங்க வீட்டுலயே மரத்த அரிக்குது?"

மருந்துக்காரர் மனைவியைப் பார்த்தார். மெஷின் நின்றிருந்தது.

"அது எங்க மாப்பிள்ளைங்க" என்றார். "நல்லா சாப்பிடட்டும்."