பூண்டுலோயாவைவிடத் திருச்சி கிட்ட

என் அப்பா செல்லசாமிக்கு ஒரு யோசனை தலைக்கேறிவிட்டால் அதை இறக்க ஆள் கிடையாது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த இரண்டாம் வருடம், என் கல்யாணப் பேச்சில், அப்படி ஏறியது ஆகாய விமானம்.

எனக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருவர் பூண்டுலோயா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த கணேசமூர்த்தி. திருவிழாவில் பார்த்து எனக்குப் பிடித்துப்போனவர். மற்றவர் திருச்சியில் இருந்த அத்தை மகன் சின்னத்தம்பி. அவரை நான் கண்ணால் கண்டதே இல்லை. அம்மா காளியாயி ஒன்றைத்தான் கேட்டாள்.

"தலைப்பிரசவத்துக்கு எம்புள்ள எங்கிட்ட வந்து சேரணும். அது போதும்."

அதற்கான வழியை அப்பா கினிகத்தேனை டவுனில் ஹமீது நானாவின் ஜவுளிக்கடையில் கேட்டு வந்தார். நானா துணி எடுக்கத் திருச்சிக்கு விமானத்தில் போய் வந்தவர். அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார்.

"கொழும்புல ஏறுனா திருச்சிக்கு ஒன்னே முக்கா மணி நேரம். இருநூத்தி எம்பது மைல்தானாம்! நம்ம றொசல்லயில இருந்து பூண்டுலோயா போக ஒரு பகலே போயிருது. இப்பச் சொல்லு, எது கிட்ட?"

"கொழும்புக்குப் போற நேரம்?" என்றேன்.

"கொழும்புக்கு ஊரே போகுது. அத எதுக்குக் கணக்குல சேக்குற?"

பூண்டுலோயா என்றால் மட்டும் ரயிலுக்குக் காத்திருந்தது, பஸ் மாறியது, ரோட்டில் மாடு படுத்திருந்தது எல்லாமே கணக்கில் சேர்ந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலி எடுத்ததும் பிளேன்ல ஏத்திவிட்டாப் போதும். பேரப்புள்ள இங்க வந்துதான் பொறக்கும்" என்றார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். எனக்கு அழுகை முட்டியது.

"மொதல்ல மாப்பிள்ளை வீட்டப் பாத்துட்டு வாங்கப்பா. பிளேன்லயே போங்க" என்றேன். நாளாவது தள்ளிப்போகட்டும் என்றுதான் சொன்னேன். அவரோ அந்த வாரமே தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்டுவிட்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சோறு எதற்கு என்று அவர் கத்தக் கத்த, கடல் தாண்டுகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று அம்மா இரண்டு நாளுக்குப் புளிச்சோறு கட்டினாள். எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சனங்கள் ஆளாளுக்கு ஊரில் இருக்கும் சொந்தங்களுக்குத் தேயிலைப் பொட்டலம் கொடுத்துவிட்டார்கள். சிறுவயதில் இந்தியாவிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணியோடு கப்பலேறி வந்தபோது அப்பாவை யாரும் எதுவும் கேட்டதில்லை. விமானத்திலும் பஸ் மாதிரி ஏறிக்கொள்ளலாம் என்றே நினைத்துக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் அத்தனை பொட்டலங்களோடும் திரும்பி வந்தார். புளிச்சோறு மட்டும் காலி.

"நாத்தனா வீடு எப்பிடிங்க?" என்றாள் அம்மா.

"நான் எங்க போனேன்? பிளேனப் பாத்துக்கிட்டே சோத்தத் தின்னுட்டு வந்துட்டேன்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

"டிக்கட் குடுக்குறவன் எந்த நாடுன்னான். இலங்கைன்னேன். பாஸ்போட் எங்கன்னான். பாஸ்போட் குடுக்குற கந்தோர்ல போய்க் கேட்டா, புதுச் சட்டப்படி நீ இந்த நாட்டு ஆளே இல்லேங்கிறான். சரி, இந்தியான்னு சொன்னேன். அப்ப அந்தப் பாஸ்போட் எங்கங்கிறான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருசமா இந்த மலையில தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுறேன் காளியாயி. ஒரு நாட்டுலயும் எம்பேரு இல்ல."

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே ஆத்திரமும் வந்தது.

அடுத்த மாதம் பூண்டுலோயாக்காரர்கள் பரிசம் போட வந்தார்கள். வெற்றிலையை மடித்தபடி கணேசமூர்த்தியின் அப்பா கேட்டார்:

"பிளேன்ல போனா திருச்சி ரொம்பக் கிட்டன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களாமே?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இல்லீங்க சம்பந்தி. தூரந்தாங்க. ரொம்பத் தூரம்."