காலி நிலம் என்று எழுதியிருந்தது

நகரமைப்பு ஆய்வாளர்களுக்கு ஐந்து நாள் புத்தாக்கப் பயிற்சி. அதை முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறும் என்பதால், வெண்மதி தர்மபுரியிலிருந்து பஸ் மாறி மாறி நெய்வேலிக்கு வந்திருந்தாள். ஊர் அவளுக்குப் புதிதல்ல. டவுன்ஷிப்பின் சுற்றுச்சுவருக்கு வெளியே மேட்டுக் காலனியில் பிறந்தவள். அம்மா அம்சவல்லி இன்னும் அங்கேதான் இருந்தாள். வகுப்பில் இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பாடம் எடுத்த ஜெயப்பிரகாஷ் சென்னையில் ஒரு தனியார் திட்ட ஆலோசனை நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர். நன்றாகவே பேசினார். மக்களைக் கேட்காமல் போடும் திட்டம் திட்டமே இல்லை என்று முதல் நாள் அவர் சொன்னதை வெண்மதி நோட்டில் எழுதி அடிக்கோடுகூடப் போட்டிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் குழுவுக்கு ஒரு வரைபடம் கொடுத்தார்கள். நெய்வேலியைச் சுற்றி எங்கே குப்பைக் கிடங்கு அமைக்கலாம் என்று குறிக்க வேண்டும். ஆறு குழுக்களில் ஐந்து குழுக்கள் பத்தே நிமிடத்தில் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம் போட்டன. மற்ற இடமெல்லாம் சுரங்கம், குவார்ட்டர்ஸ், முந்திரித் தோப்பு. அந்த ஒரு துண்டில் மட்டும் ‘காலி நிலம்’ என்று எழுதியிருந்தது.

அது மேட்டுக் காலனி.

 வெண்மதி எழுந்து நின்று, அங்கே இருநூறு வீட்டுக்கு மேல் இருக்கிறது, சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்தபோது வந்து குடியேறியவர்கள், முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றாள்.

ஜெயப்பிரகாஷ் சிரித்தார். இது வெறும் பயிற்சிதான், உணர்ச்சிவசப்பட வேண்டாம், கொடுத்த தரவை வைத்துச் செய்யுங்கள் என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வரைபடத்தின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது: நெய்வேலி முழுமைத் திட்டம், வரைவு. தயாரித்தவர் என்ற இடத்தில் ஜெயப்பிரகாஷின் நிறுவனத்தின் பெயர்.

பயிற்சியாம். அரசுக்குப் போகப்போகும் நிஜத் திட்டத்தின் வரைபடம்தான் இது. இன்றைக்கு இங்கே போடுகிற வட்டம் நாளைக்கு அரசாணையில் வரும்.

அதே குழுவில் பக்கத்தில் இருந்த பன்னீர்செல்வத்திடம் அதைக் காட்டினாள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் மிச்சமிருந்த மனிதர், இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர். சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்மா என்று முதலில் அவளைத்தான் அடக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் குழுவில் இருந்த நான்கு பேரும் இரண்டு ஆட்டோவில் போனார்கள். அம்சவல்லி குழாயடியில் நின்றிருந்தாள்.

“என்னாடி, சொல்லாம கொள்ளாம இம்மாம் பேர இட்டுகினு வந்திருக்க?”

விஷயத்தைச் சொன்னதும் அவள் குடத்தைக் கீழே வைத்தாள். பன்னீர்செல்வத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

“எங்க வூட்டுக்காரரு மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டுல வேலை பாத்துகினு இந்த வூட்டக் கட்டுனாருங்க. கரண்டு பில்லு வருது, ஓட்டு கேக்க வராங்க. மேப்பு போட மட்டும் ஒருத்தரும் வரலீங்களா?”

பன்னீர்செல்வம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வீடுகளை எண்ணத் தொடங்கினார். இருநூற்றுப் பதினான்கு. ஒரு அங்கன்வாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மாரியம்மன் கோயில். வரைபடத்தின் மேலேயே ஒவ்வொன்றையும் பேனாவால் குறித்து முடிப்பதற்குள் மதிய வகுப்பு தொடங்கிவிட்டது.

மாலையில் வெண்மதி அந்த வரைபடத்தைத் திரையில் காட்டினாள். கிடங்குக்கு இடம் குறிக்கவில்லை. வரைபடமே தவறு என்பதுதான் எங்கள் குழுவின் விடை என்றாள். ஜெயப்பிரகாஷின் முகம் இறுகியது.

“மேடம், அனுமதி இல்லாம வகுப்பை விட்டுப் போயிருக்கீங்க. இதை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்க முடியாது.”

“மக்களைக் கேக்கணும்னு முதல் நாள் நீங்கதான் சார் சொன்னீங்க. கேட்டுட்டு வந்தோம். நீங்க கேட்டீங்களா?”

 பன்னீர்செல்வம் மெல்ல எழுந்து, வீடுகளை எண்ணியது நான்தான், என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.  எழுதும்வரை உட்காரவில்லை.

அந்தக் குழுவில் நான்கு பேருக்கும் சான்றிதழ் இல்லை என்று ஐந்தாம் நாள் அறிவித்தார்கள். காரணத்தை எழுத்தில் கேட்டாள் வெண்மதி. தரவில்லை.

மூன்று மாதம் கழித்து வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. காலி நிலம் என்ற வார்த்தை போயிருந்தது. அந்த இடத்தில் ‘ஆக்கிரமிப்பு’ என்று போட்டு, குப்பைக் கிடங்கை அங்கேயே வைத்திருந்தார்கள். இல்லாதவர்களாக இருந்தவர்களைத் திருடர்களாக்கிவிட்டார்கள்.  

வெண்மதி லீவு போட்டுக் காலனிக்கு வந்தாள். வீடு வீடாகப் போய் ரேஷன் கார்டு, கரண்டு பில், பட்டா கேட்டு முன்பே கொடுத்த மனுக்களின் நகல் எல்லாம் திரட்டினாள். நூற்றுத் தொண்ணூறு ஆட்சேபனை மனுக்கள். விசாரணை நாளில் அம்சவல்லி முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் முறை வரும்வரை எழுந்திருக்கவே இல்லை.

இறுதித் திட்டத்தில் மேட்டுக் காலனி ‘குடியிருப்பு’ ஆனது. கிடங்கு வேறிடம் போயிற்று. தவறு நடந்தது என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் வெண்மதியின் பெயர் அந்த வருஷம் இல்லை. அடுத்த பயிற்சிக்கு அழைப்பு வந்தபோது, பாடத்துக்கான வரைபடங்களைச் சரிபார்த்தது யார் என்று கேட்டு முதலில் ஒரு கடிதம் அனுப்பினாள்.