வலது பக்கத்து டான்சில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் டாக்டர் தன் கேள்விகளை என்னிடம்தான் கேட்டார். எழுத உட்கார்ந்தபோது வெட்கமாகிவிட்டது; ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்து என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். பாவம், மனிதர் வாயைத் திறந்துகொண்டிருக்கிறார்.

"வலது டான்சில் மட்டும் பெருசா இருக்கு. வலி இல்ல, கழுத்துல கட்டி இல்ல, எடையும் குறையல. நல்லதுதான். ஆனா முன்னாடியே இப்படியா, இல்ல புதுசா வளந்துதா?"

"தெரியலயே டாக்டர்."

"பழசுன்னா ஆறு வாரம் கழிச்சுப் பாத்து முடிவு பண்ணலாம். புதுசுன்னா எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிடணும். உங்க தொண்டைய முன்னாடி யாராவது பாத்திருக்காங்களா?"

பார்த்திருக்கிறாள், மனைவி. சளி பிடிக்கும்போதெல்லாம் கைப்பேசி விளக்கை அடித்து, மோவாயைப் பிடித்து, "ஆ காட்டுங்க" என்று

[இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். முடிக்க வரவில்லை.]

பிரிந்து மூன்று வருடமாகிறது.

2

முதல் வரைவில் மெக்கானிக் வீம்புக்காரராக இருந்தார், அவளுக்குப் போன் செய்யவில்லை. சுத்தப் பொய். அவளிடம் பேச ஒரு சாக்கு கிடைக்காதா என்று மூன்று வருடமாக ஏங்கிய மனிதர் அவர். மருத்துவமனைப் படிக்கட்டிலேயே நின்று கூப்பிட்டார்.

"நான்தான்."

"தெரியுது, சொல்லுங்க."

"என் தொண்டையில வலது பக்கம்... முன்னாடியும் பெருசா இருந்துதா?"

"மூணு வருஷம் கழிச்சுக் கேக்கற கேள்வியா இது?" சிரித்துவிட்டாள். "இருந்துது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். எதத்தான் காதுல வாங்கினீங்க? ஏன், என்ன ஆச்சு?"

(வாசகர் இங்கே மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவர் விடவில்லை.)

3

நல்ல செய்திதான். ஆனால் ஆபரேஷன் இல்லையென்றால் அவள் வர வேண்டியதில்லை. கட்டிலருகே உட்கார வேண்டியதில்லை.

முடிவு அ: உள்ளே போய், "புதுசுதான் டாக்டர்" என்கிறார். அந்த வரியை அடித்துவிட்டேன். ஆசைப்பட்டான் என்பதற்காக ஒரு மனிதனின் தொண்டையில் கத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

முடிவு ஆ: "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று சொல்லி போனை வைத்துவிடுகிறார். நான் செய்தது இதுதான். ஆறு வாரம் போய்விட்டது. டான்சில் அப்படியே இருக்கிறது, கத்தி வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டில் பேச ஆளில்லை.

அவரையாவது போனை வைக்க விடமாட்டேன்.

"ஹலோ? இருக்கீங்களா?" என்கிறாள் அவள்.

அவருக்குக் கொடுக்க என்னிடம் வசனம் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு நானே பேசியிருப்பேனே! உங்களுக்குத் தெரிந்தால் அவர் காதில் சொல்லுங்கள். சீக்கிரம், அவள் வைத்துவிடப் போகிறாள்.