பஹ்மி கடைசியாகச் சொன்னது

தம்பி பஹ்மியின் காதுக்குள்ளிருந்து மணல் வந்தது. அஸ்கர் ஈரத் துணியின் நுனியை முறுக்கி மெதுவாகத் துடைத்தான். துடைக்கத் துடைக்க இன்னும் கொஞ்சம் வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் கீறித் தைத்துக் கொடுத்தவர்கள் காதைக் கவனிக்கவில்லை. வாப்பா பக்கீர் அந்தத் தையலைத் துணியால் மூடிவிட்டு, மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வார்த்தார். புடைவைக்கடையில் சீத்தைத் துணி அளந்தே பழகிய கை, செம்பையும் அளந்தளந்தே சாய்த்தது.

"காக்கா, நானும் வந்து பிடிக்கட்டா?"

மறைப்புச் சீலைக்கு வெளியே றிப்ஷானின் குரல். பஹ்மியின் கூட்டாளி. அண்ணன் முறையில் அஸ்கரைக் காக்கா என்பான். நேற்றுக் காலையில் கடலில் கூட இருந்தவன்.

"தேவல்ல," என்றான் அஸ்கர். "நீ பாத்தது போதும்."

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். இந்தக் குத்தல் அவருக்கு விளங்கவில்லை. வெளியே நின்றவனுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

பஹ்மிக்கு அலைப் பைத்தியம். கடையில் உட்காரச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும். அலைக்குப் பேர்போன அறுகம்பைக்கு பஸ் ஏறச் சொன்னால் காய்ச்சல் பறந்துவிடும். சேர்ஃபிங் பலகையை வாசலில் சாத்தி வைத்து, மணவறைப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் பெரிய அலை வருடத்தின் நடுவில்தான் வரும். அதுவரை கடல் தட்டையாகக் கிடக்கும். சும்மா இருக்கத் தெரியாத பயல், மூச்சடக்கி முக்குளிக்கப் பழகத் தொடங்கினான்.

"பெரிய அலை விழுத்தினா அடியில வெச்சு அமத்தும் காக்கா. அதுக்கு மூச்சு வேணும்," என்று நியாயம் வேறு சொன்னான். முதலில் வாவியில் பழகினான். கலங்கல் தண்ணீரில் கண் தெரியவில்லை என்று கல்குடாக் கடலுக்கு மாறினான். ஒருவன் கீழே போனால் மற்றவன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை பஹ்மியே சோற்றுக் கோப்பைக்கு முன்னாலிருந்து சொன்னான். "பயமில்ல. மேல றிப்ஷான் இரிக்கான்."

றிப்ஷான் மேலேதான் இருந்தான். தண்ணீரில் இல்லை, படகுக்குள். ஆஸ்பத்திரி வாசலில் வைத்துப் படகுக்காரர் நல்லரத்தினம் அஸ்கரைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, இதை நான் சொல்லாம விட்டா எனக்கு நித்திரை வராது. அந்தப் பொடியன் படகில ஏறி இருந்து போனில சிரிச்சிச் சிரிச்சிக் கதைச்சிக்கிட்டிருந்தவன். உங்கட தம்பியைக் காணல்ல எண்டு நான் சத்தம் போட்டாப்பிறகுதான் குதிச்சான்."

பஹ்மி மேலே வரும் வழியில் மயங்கி, திரும்ப அடிக்குப் போயிருந்தான். மரண விசாரணை அதிகாரியிடம் றிப்ஷான் சொன்னது வேறு: கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

பள்ளிவாசலில் நடக்கும் ஜனாஸாத் தொழுகைக்கு முன் வீட்டாரில் ஒருவர் எழுந்து, மையித்துக்காக ஊராரிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். அந்த இடத்தில், ஊர் முழுவதும் நிற்கும்போது, றிப்ஷானின் பெயரைச் சொல்லி நாறடிப்பதென்று அஸ்கர் முடிவெடுத்திருந்தான். பிறகு காத்தான்குடியில் ஒரு தெருவிலும் அவன் தலை நிமிர்ந்து நடக்கக் கூடாது.

கபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். உம்மா ஸஹீதாவைத் தாங்கிக் கூட்டி வந்தார்கள். நேற்றிலிருந்து அவள் அழவுமில்லை, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவுமில்லை. மகனின் முகத்தைப் பார்த்தவள், வாசலில் நின்ற றிப்ஷானைக் கண்டுகொண்டாள்.

"மனே, நீதானே பக்கத்துல இருந்த? என்ட புள்ள கடைசியா என்ன சொன்னான்?"

றிப்ஷான் பஹ்மியின் முகத்தை எட்டிப் பார்த்தான்.

"கலிமாச் சொன்னான் உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்!" கடைசி மூச்சில் கலிமாச் சொல்லிப் போனவனுக்குச் சுவர்க்கம். உம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நெஞ்சு நிறைய அழுதாள். அழுது முடித்துத் தண்ணீர் கேட்டாள்.

பொய். பச்சைப் பொய். அடிக்கடலில் நினைவில்லாமல் கிடந்தவன் கலிமாச் சொன்னானாம்! இனி றிப்ஷானைக் காட்டிக்கொடுத்தால் அந்தக் கலிமாவும் போய்விடும். உம்மா அந்த ஒரு மிடறு தண்ணீரில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பாவி, நல்ல இடம் பார்த்துத்தான் ஒளிந்திருக்கிறான்.

பள்ளியில் அஸ்கர் எழுந்து நின்றான். றிப்ஷான் இரண்டாம் வரிசையில் தலையைக் குனிந்திருந்தான்.

"என்ட தம்பி ஆருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க." றிப்ஷானின் பெயரை எடுக்காமலே உட்கார்ந்தான்.

மையவாடியில், கபுறுக் குழிக்குள் இறங்கி மையித்தை வாங்க ஆள் வேண்டியிருந்தது. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் முன்னால் வந்தான். அஸ்கர் அவனைத் தடுத்து, றிப்ஷானின் கையைப் பிடித்து இழுத்தான். காதோடு சொன்னான்:

"நேத்து நேரத்துக்கு இறங்கல்லதானே? இப்ப இறங்கு."

றிப்ஷான் இறங்கினான். கூட்டாளியின் தலையை இரண்டு கையாலும் வாங்கி, மணலில் வைத்து, கபன் முடிச்சை அவிழ்த்தான். மேலே ஏறி வந்தவனின் முதுகைப் பெரியவர் ஒருவர் தட்டிக்கொடுத்தார். "கூட்டாளி எண்டா இப்பிடி இருக்கணும் மனே." இன்னும் இரண்டு பேர் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். தண்டனையாகக் கொடுத்ததை ஊர் மரியாதையாக்கிவிட்டது. அஸ்கருக்கு அழுவதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்திருந்தார்கள். உம்மா இரண்டு பிடி சாப்பிட்டுவிட்டு, "றிப்ஷான் எங்க?" என்றாள். அவன் வாசல் கேற்றடியில் மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். அஸ்கர் போய்ச் சாவியைக் கழற்றினான்.

"உம்மா கூப்புடுறா."

"என்னால ஏலா காக்கா." றிப்ஷான் கேற்றைப் பிடித்துக்கொண்டான். "அடிங்க. பொலிசில சொல்லுங்க. உம்மாக்கிட்ட மட்டும் விடாதீங்க."

அடிக்கத்தான் கை துடித்தது. அஸ்கர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"அடிச்சா ரெண்டு நாளையில ஆறிரும். வா."

உம்மாவின் பக்கத்தில் கதிரை போட்டு அவனை இருத்தினான்.

"கலிமாவ முழுசாச் சொன்னானா மனே?"

"ஓம் உம்மா."

"குரல் தெளிவா இருந்திச்சா?"

"தெளிவா... இருந்திச்சு."

"கண்ணத் திறந்திருந்தானா? என்னைக் கேட்டானா?"

றிப்ஷான் அஸ்கரைப் பார்த்தான். அஸ்கர் பார்வையை எடுக்கவில்லை.

"கேட்டான் உம்மா."

"நாளைக்கும் வா மனே. நீ சொல்லக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

"வருவான் உம்மா," என்றான் அஸ்கர். "ஒவ்வொரு நாளும் வருவான்."

றிப்ஷானின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அஸ்கர் மூலையில் நின்ற ஃபேனை இழுத்து வந்து, அவன் பக்கம் திருப்பி வைத்தான்.