மச்சான் கையைத் தூக்கக்கூடாது

கஸ்பார் முன்னால் போன ரப்பர்ப் பால் லோரியை வளைவிலேயே முந்தினார். எதிரே வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. சாவதென்றால் வேறு ரோட்டில் போய்ச் சாகச் சொல்லி டிரைவர் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு அந்தப் பழைய ஹோண்டா பைக் இத்தனை வேகத்தில் ஓடியதே இல்லை. பத்து மணிக்குப் பதிவு இலாகாவில் அவருடைய மச்சான் மரியஜோசப் வலது கையைத் தூக்கி, மலேசியப் பிரஜையாகச் சத்தியம் செய்யப் போகிறார். அந்தக் கையைத் தூக்கவிடக் கூடாது.

விஷயமே காலையில்தான் தெரிந்தது. மனைவி இருதயமேரி தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, அண்ணனுக்கு இன்றைக்கு நீலக் கார்டுக்குச் சத்தியமாம், உங்களிடம் சொல்லவில்லையா என்று சாதாரணமாகக் கேட்டாள். தோசை தட்டிலேயே கிடந்தது.

கஸ்பாரும் மரியஜோசப்பும் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் ஒன்றாக லோரி ஓட்டியவர்கள். எழுபத்தொன்றில் பட்டாளம் மூட்டை கட்டியபோது இருவரும் பேராக்குக்கு வந்து சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட், இங்கே குடியிருக்க ஒரு சிவப்பு அடையாளக் கார்டு, மாதாமாதம் லண்டனிலிருந்து பென்சன். இவைதான் அவர்கள் கொண்டுவந்த சொத்து. கஸ்பார் சிப்புட்டில் மோட்டார் பட்டறை திறந்தார். மரியஜோசப், மனைவி எல்ஸி ரப்பர்ப் பால் மரம் வெட்டிய தோட்டத்திலேயே தொழிலாளர்களுக்கான ஒரு லயத்து வீட்டில் குடியேறித் தோட்டத்து லோரி ஓட்டினார்.

மரியஜோசப்பின் வாயில் எதுவும் தங்காது. பட்டாளத்தில் ஒருமுறை, ஸ்டோரில் தனக்கு ஒரு டின் பெயிண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கப் போனார். விசாரணை கிளம்பியது. பெயிண்டைக் கள்ளத்தனமாக விற்றுக்கொண்டிருந்த ஆட்கள் வரிசையாக மாட்டினார்கள். அன்றிலிருந்து, பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வதைக் குறிக்கும் 'பாவசங்கீர்த்தனம்' என்பதே அவருக்குப் பட்டப்பெயர்.

இப்போது அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். லயங்களைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த மலிவு வீடுகளோ பிரஜைகளுக்குத் தரும் நீலக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். அதற்காகத்தான் மரியஜோசப் மனுப் போட்டார். சத்தியம் முடிந்தால் கார்டு. கார்டு வந்தால் வீடு. எல்ஸி அந்த வீட்டுக்கு ஜன்னல் துணிகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

கஸ்பார் இலாகா வாசலில் பைக்கைச் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினார். வெளுத்த சட்டைகளும் கசங்காத சேலைகளுமாகக் கூட்டம் நின்றது. சிலர் மலாய் மொழிச் சத்தியத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மரியஜோசப் பட்டாளத்து டையோடு வரிசையில் விறைப்பாக நின்றார்.

"மச்சான், ஒரு நிமிசம் வெளிய வாங்க."

"இப்பக் கூப்புடுவாங்க மாப்ள. நீங்க எங்க இங்க? பசியாறிட்டீங்களா?"

"கையத் தூக்கிறாதீங்க. பிரஜையாயிட்டா பென்சன் பொத்தோங்."

மரியஜோசப்பின் கை தானாக டையைத் தளர்த்தியது.

பொத்தோங் என்பது மலாய்ச் சொல். வெட்டு என்று அர்த்தம். சம்பளத்தில் சந்தாவுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் பொத்தோங்தான், நிற்கிற மரத்தை வேரோடு சாய்த்தாலும் பொத்தோங்தான். எந்தப் பொத்தோங் என்று மரியஜோசப் கேட்கவில்லை. கஸ்பாரும் சொல்லவில்லை.

"நெசமாவா மாப்ள?"

"வெள்ளக்காரன் பாஸ்போர்ட்ட அவன்கிட்டயே குடுத்துட்டு, அவன் காச மட்டும் குடுன்னு எப்படி மச்சான் கேப்பீங்க? நீங்களே ரோசன பண்ணிப் பாருங்க."

பொய் என்று யாரும் பிடிக்க முடியாத வார்த்தைகள். உள்ளே மரியஜோசப்பின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் கூப்பிட்டார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

வீடுகள் கட்டி முடிந்தன. நீலக் கார்டு வைத்திருந்த குடும்பங்கள் சாமான்களோடு லோரியில் போய் இறங்கின. லயத்தின் கூரையைப் பிரிக்க ஆள் வந்த அன்று, கஸ்பாரே பட்டறை வேனைக் கொண்டுபோய் மச்சான் குடும்பத்தை ஏற்றி வந்தார். பட்டறைக்குப் பின்னால் பழைய டயர் அடுக்கும் தகரக் கொட்டகை அவர்களுக்கு வீடாயிற்று. பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றவர்கள், மச்சான் குடும்பத்தைத் தாங்குகிற மனுசன் என்று கஸ்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். இருதயமேரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெருமைப்பட முடியாதவர் கஸ்பார் ஒருவர்தான். காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மரியஜோசப் கோப்பிக் கிளாசோடு வந்து நிற்பார். நீங்கள் மட்டும் அன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வராவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்பார். யார் வந்தாலும் அவர்களிடமும் அதையே சொல்வார். கஸ்பார் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொள்வார். சில நாட்களில் பழுதே இல்லாத என்ஜினுக்குள்ளும்.

அடைமழை பிடித்தது. கொட்டகை ஒழுகியது. எல்ஸி அரிசிப் பானையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"பட்டாளத்துக்காரரு வீட்டப் பாருங்கண்ணே. கொடை பத்தாது, பாராசூட்டு கட்டணும்."

கஸ்பாரே கூரையேறித் தகரத்துக்குத் தார் பூசினார். கீழே மழையில் நனைந்தபடி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மரியஜோசப், இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று அண்ணாந்து சொன்னார். மேலே இருந்தவருக்குக் கீழே இறங்கவே கால் வரவில்லை.

எல்ஸிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வீடு போனது போனதுதான். ஆனால் ஏன் போனது என்று தெரிய வேண்டும் என்றாள். புருஷன் தடுத்தும் கேளாமல் ஈப்போ பஸ் ஏறி, வருமான வரி இலாகாவில் விசாரித்து விசாரித்து, சதாசிவம் என்ற அதிகாரியின் மேசை முன்னால் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் கஸ்பார் வீட்டு மேசையில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அதைச் சொன்னாள். பிரஜை மாறினால் பட்டாளத்துப் பென்சன் நின்றுபோகாது. வரிதான் இடம் மாறும். பிரிட்டிஷ் பிரஜையாக இருக்கும்வரை அந்தப் பென்சனுக்கு வரி பிடிக்கும் உரிமை லண்டனுக்கு. இங்கேயே குடியிருந்து இந்த நாட்டுப் பிரஜையும் ஆகிவிட்டால், இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி அந்த உரிமை இங்கே வந்துவிடும். லண்டனுக்குத் தெரியப்படுத்தினால் அங்கே பிடிப்பதை நிறுத்துவார்கள். இங்கே கணக்குக் காட்ட வேண்டும், வரி வந்தால் கட்ட வேண்டும். ஒரே காசுக்கு இரண்டு பேரும் பிடிக்க மாட்டார்கள். சிறிய பென்சன் என்றால் இங்கே ஒன்றும் வராமலும் போகலாம் என்றாராம் அந்த அதிகாரி.

"பொத்தோங்தான், நான் இல்லங்கல," என்றாள் எல்ஸி. "ஆனா மரத்தச் சாய்க்கிற பொத்தோங் இல்ல. பட்டையச் சீவுற பொத்தோங். சீவுனா மரம் செத்தா போவுது? பால் வந்துகிட்டேதானே இருக்கும்."

இருதயமேரி கணவனைப் பார்த்தாள். கஸ்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மரியஜோசப்புக்குக் கோபம் வந்துவிட்டது. அபூர்வமாக வரும் கோபம். "மாப்ளைக்குத் தெரிஞ்சா சொல்லாமயா இருப்பாரு? அவருக்கும் யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. நமக்காகப் பைக்குல பறந்து வந்த மனுசன். அவரு சோத்தத் தின்னுகிட்டு அவரையே சந்தேகப்படுறியே. மன்னிப்புக் கேளு."

எல்ஸி தலையைக் குனிந்து, "தப்பா நெனைக்காதீங்கண்ணே," என்றாள். "நான் உங்களச் சொல்லல. அந்த ஆபீசர்கூடக் கேட்டாரு, உங்க பக்கம் வேற பட்டாளத்துப் பென்சன்காரங்க யாரும் பிரஜையாயிட்டு இங்க கணக்குக் காட்டாம இருக்காங்களான்னு. எங்க கஸ்பார் அண்ணன் ஒருத்தர்தான் இருக்காரு, அவரும் எங்களப் போல சிவப்புக் கார்டுதான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவ்வளவுதான். விஷயம் அங்கேயே முடிந்துபோயிருக்கும். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லிவிட்டுக் கஸ்பார் சாப்பாட்டைத் தொடர்ந்திருக்கலாம். ஊரில் அவருக்குப் பெயர் இருந்தது, மச்சானுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது, ஆபீசரின் கேள்விக்கும் எல்ஸியே பதில் சொல்லி வந்துவிட்டாள். ஆனால் எதிரே ஒருத்தி செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கஸ்பாரால் அதைப் பார்க்க முடியவில்லை. கையைத் தட்டிலேயே உதறினார்.

"எல்ஸி, நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்காத."

"பரவால்ல மாப்ள, விடுங்க," என்றார் மரியஜோசப்.

"விட முடியாது மச்சான். வரிய ஒளிக்கிறவன் கவர்மெண்ட ஏமாத்துறதோட நிக்க மாட்டான். ஒழுங்காக் கணக்குக் காட்டப் போறவனப் பாத்தாலே அவனுக்குப் பயம் வந்துரும். அந்தப் பயத்துல சொந்தக்காரன் வீட்டையே பறிப்பான். பறிச்சிட்டு, ஒண்டிக்க எடம் குடுத்தேன்னு ஊருல நல்ல பேரும் வாங்கிக்குவான்."

மரியஜோசப்புக்குப் புரியவில்லை. "யாரச் சொல்றீங்க மாப்ள?"

"என்னத்தான்." கஸ்பார் தட்டைத் தள்ளி வைத்தார். "இந்தப் பட்டறை லைசென்சுக்காக நான் நீலக் கார்டு எடுத்து அஞ்சு வருசமாச்சு. ஒங்க தங்கச்சிக்கே தெரியாது. லண்டனுக்கு எழுதி அங்க பிடிக்கிறத நிறுத்திட்டேன். இங்க வாயே தொறக்கல. நீங்க பிரஜையானா நேரா வரி ஆபீசுக்குத்தான் போவீங்க, மாப்ளையும் என்னப் போல பட்டாளத்துப் பென்சன்காரருதான்னு எம்பேரச் சொல்லுவீங்க. அதுக்குப் பயந்துதான் அன்னைக்கு ஓடி வந்தேன்."

இருதயமேரியின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் நழுவி விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

மரியஜோசப், கேட்கக் கூச்சப்படுகிறவர்போல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, ஒங்க பென்சன்?"

"வந்துகிட்டுத்தான் இருக்கு மச்சான்," என்றார் கஸ்பார், தலை நிமிராமல். "ஒரு மாசங்கூட நிக்கல."