மேற்படி

தையல்காரியின் முகம் இருபத்தாறு வயதுக்குள் நாற்பத்தொரு முறை மாறியிருந்தது. காரணம் அவள் பெயர். அவள் பிறந்தபோது பதிவேட்டில் தெரு, வார்டு, தேதி என எல்லாக் கட்டத்திலும் 'மேற்படி' என்று எழுதிக்கொண்டே வந்தவர், கைப்பழக்கத்தில் பெயர்க் கட்டத்திலும் அதையே எழுதிவிட்டார். ஆகவே எந்தப் பட்டியலில் அவள் பெயர் ஏறினாலும், மேல் வரியில் இருப்பவரின் முகம் அவளுக்கு வந்துவிடும். அடுத்த பட்டியல் வரும்வரை போகாது. ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பல்லில்லாக் கிழவரின் முகத்தோடு திரும்பினாள். கதவைத் திறந்த அம்மா, "செருப்பை வெளிய விடுடி" என்றதோடு சரி.

கல்யாணம் நிச்சயமானபோதுதான் அவள் பதிவேட்டின் வரிசையை விசாரித்தாள். திருமணப் பதிவேட்டில் மேல் வரி மாப்பிள்ளைக்கு, கீழ் வரி பெண்ணுக்கு. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். மீசை காதைத் தொடும். கல்யாணப் போட்டோவிலாவது சொந்த முகத்தோடு நிற்க வேண்டும் என்று பெயர் மாற்றும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள்.

எழுத்தர் தலை நிமிராமலே காரணங்களை வாசித்தார்: கல்யாணம், விவாகரத்து, மதமாற்றம், தத்து, எண்கணிதம், எழுத்துப்பிழை.

"எழுத்துப்பிழைதான் சார்."

"எங்கம்மா பிழை? ஒற்றெழுத்துகூட சரியாத்தான் இருக்கு."

"என் மூஞ்சி மாறுது சார்."

"அது லிஸ்ட்லயே இல்ல. கல்யாணத்த முடிச்சிட்டு வா, நல்ல காரணம்."

முடித்தாள். கையெழுத்தின் மை காய்வதற்குள் மீசை வந்துவிட்டது. "விடு, என் மூஞ்சிதானே" என்றான் கண்டக்டர். போட்டோ வேண்டாம் என்று போட்டோக்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் கணவனின் சட்டையில் அலுவலகம் போனாள். எழுத்தர் மனுவில் பெயரைப் பார்க்கவில்லை, மீசையைப் பார்த்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியையும் அவள் பக்கம் திருப்பினார். அவள் தன் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஒன்பது வருடமாக நகராத அம்மாவின் தண்ணீர்க் குழாய் மனுவை எடுத்தாள். கால் மணியில் முடிந்தது. அடுத்த மூன்று மாதத்தில் தெருவிலுள்ள பெண்கள் அத்தனை பேரின் மனுக்களும் அந்த மீசையால் முடிந்தன.

கடைசியாகத் தன் மனுவை நீட்டினாள். முத்திரை விழுந்ததும் மீசை உதிர்ந்து, இருபத்தாறு வருடமாக யாரும் பார்த்திராத ஒரு முகம் வந்தது. எழுத்தர் நிமிர்ந்தார்.

"இங்க என்னம்மா உக்காந்திருக்க? போய் வரிசையில நில்லு."

நாற்காலி நன்றாகப் பழகியிருந்தது. அவள் எழவில்லை.

"சான்றிதழக் குடுங்க சார். போட்டோக்காரர் வெளிய காத்திருக்கார்."