மருந்துக் கொட்டாய்

காலை ஏழு இருபதுக்குச் சுவர்ணா கம்பிப்பாலத் தோட்டத்தின் கடைசி லயத்துக்கு முன்னால் காரை நிறுத்தினாள். ஆறு வீடுகள் கொண்ட வரிசை. ஐந்து கதவுகளில் குறுக்கே பலகை அடித்திருந்தது. ஆறாவது திறந்திருந்தது.

தோட்டம் என்பது பெயருக்குத்தான். ரப்பர் மரங்களை வெட்டி இருபது ஆண்டுகளாகிவிட்டன. ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. மறுபக்கம் வீடு கட்டப்போவதாகச் சொல்லி வேலி போட்டுவிட்டு மறந்துபோன நிலம். நடுவில் மகேந்திரனின் கீரைப் பாத்திகள். மற்ற குடும்பங்கள் ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் போய்விட்டன. மகேந்திரனின் மனைவி கலாதேவி பேரனைப் பார்த்துக்கொள்ள ஜோகூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். போய் இரண்டு ஆண்டுகள். சண்டை ஒன்றும் இல்லை. திரும்பவில்லை, அவ்வளவுதான்.

மகேந்திரன் பாத்திக்கு நடுவே குந்தியிருந்தார். காரின் சத்தத்துக்கு நிமிர்ந்தார்.

"வாங்க டாக்டர். மண்ணு ஓடிப் போயிரும்னு பயந்துட்டீங்களா, இவ்ளோ காலையில?"

"பத்து மணிக்கு மழை வரும் போல இருக்கு அண்ணே. அதுக்குள்ள எடுத்துரணும். நோயாளி எப்படி இருக்கு?"

"நோயாளி நல்லாத்தான் இருக்கு. டாக்டர்தான் இளைச்சுப் போயிட்டீங்க."

மண்ணில் கலந்திருக்கும் நஞ்சுகளை அளப்பது சுவர்ணாவின் வேலை. பேராக் மாநிலத்தின் பழைய தோட்டங்களில் எங்கெங்கே ஆர்செனிக் தங்கியிருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்துக்காக மூன்று ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தாள். ஆய்வகத்தில் மலாயும் ஆங்கிலமும். குனோங் ராபாட்டில் அவள் வீட்டில் பேச ஆள் இல்லை. மாதத்தில் எத்தனை நாள் இங்கே வருகிறாளோ அத்தனை நாள்தான் அவள் தமிழ் பேசினாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் அவரது பாத்திகளில் மண் எடுத்திருந்தாள். முடிவு வந்ததும் ஒரு கடிதம் கொடுத்தாள். இந்த மண்ணில் உள்ள ஆர்செனிக் இந்த இடத்தின் இயல்பான அளவை ஒத்திருக்கிறது, வெளியிலிருந்து கலந்ததாகத் தெரியவில்லை என்று மலாயில் இரண்டு வரி, கீழே பல்கலைக்கழக முத்திரை. மகேந்திரன் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சூடேற்றி ஒட்டிக்கொண்டார். குனோங் ராபாட் காலைச் சந்தையில் அவர் கடை முன்னால் அது தொங்கியது. கடிதத்தை அவர் சூராட்டு என்பார். கீரை வாங்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வாங்கினார்கள். படிக்காமலும் வாங்கினார்கள்.

"சூராட்டப் பாத்துட்டு ஒரு சீனக் கெழவி கேக்குறா, இதுல என்னய்யா எழுதியிருக்குன்னு. என் மண்ணு பாஸ் பண்ணிருச்சுன்னேன். என் பேரனே பாஸ் பண்ணலங்கிறா."

சுவர்ணா சிரித்தாள்.

மழைக்காலத்தில் ஒரு முறை மறுபடி எடுக்கவேண்டும் என்பது ஆய்வின் விதி. முதலில் பாத்திகளில் எட்டு இடம். குழாயை மண்ணில் இறக்கித் திருகி, உருவி, உள்ளே நின்ற மண்ணைப் பையில் தட்டி, எண் எழுதினாள். மகேந்திரன் பைகளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மேட்டுக்கு. எந்த மண்ணிலும் கொஞ்சம் ஆர்செனிக் உண்டு. வெள்ளீயம் கிடைத்த இந்தக் கிந்தா வட்டாரத்தில் கூடுதலாகவே உண்டு. ஆகவே ஒரு பாத்தியைப் பற்றி ஏதும் சொல்ல வேண்டுமானால், பக்கத்திலேயே மரம் நடாத, ஈயம் தோண்டாத, உரம் போடாத இடம் ஒன்று வேண்டும். அதன் மண்ணோடு இதை வைத்துப் பார்க்கவேண்டும். அந்த இடத்தை அவள் முதல் முறை வந்தபோதே தேர்ந்தெடுத்திருந்தாள். மேட்டில் அந்தக் காலத்தில் என்ன இருந்தது என்று கேட்டிருந்தாள். மகேந்திரன் காய்ச்சலில் படுத்திருந்தார். பாயிலிருந்தபடியே சன்னல் பக்கம் கை நீட்டினார். "மருந்துக் கொட்டாய்" என்றார். அவள் வரைபடத்தில் 'கிளினிக்' என்று எழுதிக்கொண்டாள். நோயாளிகள் வந்து போன இடம். வேறு எதுவும் நடந்திருக்காது.

"இந்தத் தடவ நானும் வாரேன்" என்று மகேந்திரன் பாராங்கத்தியை எடுத்துக்கொண்டார். "பாதை மூடிக்கிச்சு. நீங்க பாட்டுக்குப் போயி காணாம போனா, போலீஸ் என்னைத்தான் கேப்பான்."

அவர் முன்னால் வெட்டிக்கொண்டே போனார். கால்மணி நேரம் ஆனது. மேலே ஒரு சிமெண்டுத் தரை, இரண்டு படிகள், விளிம்பு உடைந்த தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் புதர். மேகத்துக்கு மேலே சுண்ணாம்புக் குன்றுகளின் தலை மட்டும் தெரிந்தது.

சுவர்ணா பையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். மகேந்திரன் தரையின் ஓரத்துக்கு வெளியிலேயே நின்றார்.

"அங்க உக்காராதீங்க டாக்டர்."

"ஏன், பாம்பா?"

"பாம்பு கூட வராது. எங்கம்மா இதுல காலு வைக்க விடமாட்டாங்க. இன்னிக்கும் வைக்க மனசு வரல."

"சின்னப் பிள்ளைங்களுக்குக் கிளினிக்னா பயம்தான். ஊசி போட்டுருவாங்களே."

"எந்தக் கிளினிக்?"

"இதுதான். நீங்கதானே சொன்னீங்க, மருந்துக் கொட்டாய்னு."

மகேந்திரன் அவளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ டாக்டர். ஆசுபத்திரி ரோட்டோரம்லா இருந்துச்சு. இது லாலான் புல்லுக்கு அடிக்கிற மருந்து. தொட்டியில தண்ணி ரொப்பி, வேல வாங்குற மண்டோர் மருந்தக் கொட்டிக் கலக்குவாரு. பொம்பளைங்க பம்ப முதுகுல மாட்டிக்கிட்டு எறங்குவாங்க. எங்கம்மாவும்தான். சாயங்காலம் வந்தா, குளிக்காம எங்களத் தொட மாட்டாங்க."

அவள் எழுந்தாள்.

"எந்த வருசம் இது?"

"நான் ஒண்ணாம் வகுப்பு போன நேரம். எழுபத்து மூணு, நாலு."

"என்ன மருந்துன்னு தெரியுமா? டின்னுல என்ன போட்டிருந்துச்சு?"

"மண்டை ஓடு. வெள்ளைக்காரன் படம்னு நாங்க சொல்லிக்குவோம். அந்த மருந்து இனிக்கும்னு சொல்வாங்க. ஒரு மாடு புல்ல மேஞ்சிட்டு, இந்தா, இங்கயே விழுந்துச்சு. மண்டோரோட மாடு. மண்டோருக்கு நட்டம்னு தோட்டத்துக்கே தீபாவளி மாதிரி ஆயிருச்சு."

"மிச்ச மருந்த என்ன செய்வாங்க?"

"கழுவி ஊத்திருவாங்க. இப்படி." பாராங்கத்தியால் சரிவைக் காட்டினார். சரிவின் அடியில் அவருடைய பாத்திகள் பச்சையாகத் தெரிந்தன.

அவர் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "மருந்துன்னா ஆசுபத்திரியா! நல்ல வேள, நீங்க காய்ச்சலுக்கு இங்க வரல" என்றார். நாளைச் சந்தைக்குக் கீரை வெட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போகும்போதும் ஒரு முறை சிரித்தது கேட்டது.

சுவர்ணா நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அப்பா குலசிங்கம் மூன்று தோட்டங்களில் ஆஸ்பத்திரி அசிஸ்டண்டாக இருந்தவர். வெள்ளைக் காற்சட்டை, கையில் சாவிக்கொத்து. அவர் வீட்டில் மருந்து என்றால் ஒரே பொருள்தான். மாத்திரை, களிம்பு, இருமலுக்குப் பழுப்புத் தண்ணீர். லயத்தில் அதே சொல்லை முதுகில் சுமந்துகொண்டு போனார்கள். இரண்டுக்கும் நடுவில் அரை மைல் இருந்திருக்கும்.

பாத்தி மண்ணில் கிலோவுக்கு நாற்பத்தாறு மில்லிகிராம். மேட்டு மண்ணில் நாற்பத்து நான்கு. இரண்டும் ஒன்றுபோல் இருந்ததால்தான் இயல்பு என்று எழுதினாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்ததற்குக் காரணம் இரண்டிலும் அதே ஆர்செனிக் களைமருந்து.

கடிதத்தில் கையெழுத்து அவளுடையது.

ஒரு வழி இருந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு இடத்தில் மண் எடுத்து, இனி வரும் கட்டுரையில் அந்த எண்ணைப் போட்டுவிடலாம். முதல் இடம் ஏன் மாறியது என்று கேட்கக்கூடிய ஆள் யாரும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தது அவள் மட்டுமே. கட்டுரை சரியாகிவிடும். சந்தையில் தொங்கும் கடிதம் தொங்கிக்கொண்டே இருக்கும்.

யாரையாவது கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போலிருந்தது. போனை எடுத்தாள். கடைசியாகப் பேசியது கார் பழுதுபார்க்கும் கடை. அதற்கு முன் பேசியதும் அதே கடைதான். போனைப் பையில் போட்டாள்.

எடுக்க வந்த மண்ணை எடுத்தாள். பையின் மேல் 'இயல்பு' என்று எழுதும் இடத்தில் பேனாவை வைத்தாள். எழுதாமல் மூடினாள்.

கீழே வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. மகேந்திரன் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு கீரையை அடியோடு வெட்டி, வாழை நாரால் கட்டி, கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கென்று இரண்டு கட்டு தனியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கொடுப்பார். அவளும் கொண்டுபோய் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, காது வேல செய்யுது. கைதான் பிஸி."

"நான் குடுத்த கடிதம் தப்பு."

கை நிற்கவில்லை. "எழுத்துப் பிழையா? பரவால்லலா. எவன் படிக்கிறான்."

"எழுத்து இல்ல. உங்க மண்ணு நல்லா இருக்குன்னு நான் சொன்னது தப்பு. அந்த மேட்டு மண்ணு சுத்தம்னு நினைச்சு, அதோட வச்சுப் பாத்துத்தான் சொன்னேன். அதுவே மருந்து ஊத்தின மண்ணு."

கை நின்றது.

"போன தடவ நம்பர் எல்லாம் சொன்னீங்களே. நாப்பத்தாறுன்னீங்க."

"நம்பர் தப்பில்ல. பக்கத்துல வச்சுப் பாத்த மண்ணுதான் தப்பு."

"எவ்ளோ மோசம்?"

"இன்னும் தெரியாது. கீரையையும் எடுத்துட்டுப் போயி பாக்கணும்."

"தெரியாதுன்னா, நல்லாவும் இருக்கலாம்."

"இருக்கலாம். இருக்கும்னு நான் நினைக்கல."

மகேந்திரன் கத்தியைத் தொடையில் துடைத்தார். அவள் அவர் உள்ளங்கைகளைப் பார்த்தாள். தடித்துக் காய்த்திருந்தன. ஆர்செனிக் உள்ளே போனாலும் கை இப்படிக் காய்க்கும். மண்வெட்டி பிடிக்கும் எல்லாக் கைகளும் அப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் பார்க்காமல் கண்ணை எடுத்தாள்.

"இருபது வருசமா சாப்பிடுறேன். கலாவும் சாப்பிட்டா. ஒரு தலவலி உண்டா எனக்கு?"

"மண்ணு நஞ்சு உடனே காட்டாது அண்ணே."

"அப்போ எப்போ காட்டும்?"

அவரே கையை வீசினார். "சரி, விடுங்க. இப்போ என்ன செய்யச் சொல்றீங்க?"

"கடையில இருக்கிற கடிதத்தக் கழட்டிருங்க. நாளைக்குச் சந்தைக்குப் போகாதீங்க. நான் வேற இடத்துல மண்ணெடுத்து, எல்லாத்தையும் மறுபடி பாத்து, புதுக் கடிதம் கொண்டாரேன்."

"எத்தன நாளு?"

"ஆய்வகத்துல வரிசை இருக்கு. அப்புறம் கமிட்டி பாக்கணும். மூணு மாசம்."

"மூணு மாசம் நான் என்ன பண்றது? ஜோகூருக்குப் போயி பேரனுக்குக் குதிரையாவா?"

அவர் சிரிப்பார் என்று அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இங்க பாருங்க டாக்டர். நீங்க முதல்ல வந்தப்போ நான் கேக்கல. என் மண்ணு நல்லதா கெட்டதான்னு நான் உங்கள ஒரு வார்த்த கேட்டேனா? நீங்களா வந்தீங்க, நீங்களா தோண்டினீங்க, நீங்களா சூராட்டு குடுத்தீங்க. சாப்பு வச்ச சூராட்டு. கவர்மெண்டு முத்திரை மாதிரி நீல மையில வட்டமா சாப்பு. அதைப் பாத்துத்தான் சந்தையில என்னை மனுசனா மதிக்கிறான். இப்போ வாயால வந்து சொல்றீங்க, கழட்டுன்னு."

"தப்பு என்னுதுதான்."

"அதையும் சாப்பு வச்சுக் குடுங்க. கழட்டுறேன்."

அவளுக்கென்று வைத்திருந்த இரண்டு கட்டையும் கூடைக்குள் போட்டார். சாக்கை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

மழை வலுத்தது. மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் பாத்திகளுக்கு நடுவே இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் காலணியைச் சுற்றிக்கொண்டு அது கீழே போயிற்று. கார் பத்தடி தூரத்தில் நின்றது. அவள் போகவில்லை.

மகேந்திரன் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். குந்தி, இடது கையால் ஒரு பிடி கீரையைச் சேர்த்துப் பிடித்து, கத்தியை அடியில் கொடுத்தார்.

"அண்ணே," என்றாள் சுவர்ணா, "அதை வெட்டாதீங்க. கேக்குதா?"